உருவேறியவருக்கு நோயா, ஒதுங்கிப்போனவருக்கா?

திருகோணமலையில் அம்மன் கோயில் திருவிழா நடக்கிறது. பறையொலி உச்சத்துக்குப் போகும்போது கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு உரு வருகிறது. கொண்டை அவிழ்கிறது, கண் செருகுகிறது, குரல் மாறுகிறது. பக்கத்தில் நிற்பவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்கிறார், இன்னொருவர் வேப்பிலையை நீட்டுகிறார். பூசகர் திருநீறு போட்டுத் தண்ணீர் தெளித்ததும் எல்லாம் அடங்குகிறது. அந்தப் பெண் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் இரவுக்குப் பிட்டு அவிக்கிறார். அதே ஒழுங்கையில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் எட்டு மாதமாகப் படலை தாண்டவில்லை. பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிட்டார். சவரம் எப்போதாவது. “அவர் எப்போதுமே அமைதியான மனிதர்தானே” என்கிறது அயல். இந்த இருவரில் வைத்தியரைப் பார்க்க வேண்டியவர் யார் என்று வெளியூரிலிருந்து வந்த ஒருவரிடம் கேட்டால் முதல் ஆளைக் காட்டுவார். மனநோய்களை ஆராயும் பிறழ்நிலை உளவியல் படித்தவர் இரண்டாம் ஆளைக் காட்டுவார்.

மனநோய் என்றால் விசித்திரம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போய்விட்டது. சட்டையைக் கிழிப்பவர், சந்தியில் நின்று ஏசுபவர், தனியே சிரிப்பவர் ஆகியோருக்குத்தான் விசர். மற்றவர்கள் எல்லாம் ‘கொஞ்சம் யோசனை கூடினவர்கள்’. வைத்தியர் கேட்கும் கேள்விகள் வேறு. இவர் என்ன செய்கிறார் என்பதைவிட, முன்பு செய்த எதையெல்லாம் விட்டுவிட்டார்? எவ்வளவு காலமாக? அதனால் யாருக்கு, என்ன துன்பம்?

எது பிறழ்வு என்று சொல்ல ஒற்றை அளவுகோல் கிடையாது. அரிதாக இருப்பதே பிறழ்வு என்றால், ஒருமுறை கேட்ட தேவாரத்தைப் பண் பிசகாமல் பாடும் சிறுமியையும் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மறுபக்கம், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்திய நாட்களில் கிண்ணியாவிலும் மூதூரிலும் நிம்மதியாக நித்திரை கொண்டவர்களைத் தேடித்தான் பிடித்திருக்க வேண்டும். கிண்ணியா வைத்தியசாலையையே கடல் அழித்துவிட்டுப் போன நேரம் அது. அப்போது விழித்துக் கிடந்தவர்களை நோயாளிகள் என்பதா? சமூக வழக்கை மீறுவதுதான் பிறழ்வு என்றால், வழக்கு மாறும்போது நோயும் மாறும். மாறியும் இருக்கிறது: தன்பாலீர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இல் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. சரி, ஆளுக்குத் துன்பம் இருந்தால்தான் நோய் என்று வைத்துக்கொண்டால், மனம் அளவுமீறிய எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் இருமுனைப் பிறழ்வின் எழுச்சிக் கட்டத்தில் இருப்பவர் தப்பிவிடுவார். ஒரு வாரமாக நித்திரையில்லாமல், தம்பலகாமத்து வயலை விற்று நான்கு முச்சக்கரவண்டிகளுக்கு முற்பணம் கட்டிவிட்டு வந்து நிற்கும் அவரைப்போல மகிழ்ச்சியான மனிதர் ஊரில் இருக்கமாட்டார். துன்பப்படுவதெல்லாம் மனைவிதான்.

இந்தக் குழப்பத்துக்கு எனக்குப் பயன்பட்ட விடை, அமெரிக்க அறிஞர் ஜெரோம் வேக்ஃபீல்ட் 1992இல் முன்வைத்தது. இயல்பாக நடக்கவேண்டிய ஒரு செயற்பாடு உள்ளே பழுதாகியிருக்க வேண்டும். அந்தப் பழுது ஆளுக்குத் தீங்கும் செய்ய வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் நோயில்லை. இதில் பழுதைக் கண்டுபிடிப்பது அறிவியலின் வேலை. எது தீங்கு என்பதைச் சமூகம்தான் சொல்கிறது, அந்த இடத்தில் கோயிலும் பள்ளிவாசலும் குடும்பமும் கட்டாயம் உள்ளே வந்துவிடுகின்றன. இந்தக் கருத்துக்கு மறுப்புகளும் உண்டு. உள்ளே எது பழுது என்பதைப் பல மனநோய்களில் இன்றுவரை யாராலும் காட்ட முடியவில்லை. இரத்தப் பரிசோதனை செய்யும் முன் ‘காய்ச்சல்’ என்று சொல்லி வைப்பதைப் போன்றவைதான் நம் கையிலிருக்கும் நோய்ப் பெயர்களில் பல.

நம் நாட்டு வைத்தியசாலைகள் பின்பற்றுவது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி என்ற நோய் வகைப்பாடு. அதன் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உருவேறும் பெண்ணைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று பார்த்தால், வெளிநாட்டார் எழுதியது என்று நாம் நினைக்கும் அந்த நூல் நம்மைவிட நிதானமாகப் பேசுவது தெரியும். வேறொரு சக்தி ஆட்கொண்டதுபோல ஆளே மாறிப்போகும் நிலைக்கு அதில் தனி இடம் இருக்கிறது. ஆனால் நிபந்தனை கடுமையானது: அந்த நிலை விருப்பமின்றி வர வேண்டும், ஆளின் சமயமோ பண்பாடோ ஏற்றுக்கொண்ட சடங்கின் பகுதியாக இருக்கக் கூடாது, துன்பமோ முடக்கமோ தர வேண்டும். திருவிழாவில் வந்து திருநீறோடு அடங்கும் உரு இந்தக் கணக்கில் சேராது. அதே பெண்ணுக்குக் கோயிலில் அல்லாமல் குசினியில், கிழமைக்கு மூன்று தரம், கணவன் குடித்துவிட்டு வரும் நாட்களில் மட்டும் உரு வருகிறது என்றால் கதை வேறு. அப்போதும் முதலில் கேட்க வேண்டியது உருவைப் பற்றியல்ல, அந்த வீட்டைப் பற்றி.

கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் சண்டை மூட்டிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. நூல் கட்டுவதும் தண்ணீர் ஓதிக் குடிப்பதும் பலருக்கு ஆறுதல் தருகின்றன. ஆறுதலும் ஒரு மருந்துதான். இடிக்கும் இடம் ஒன்று உண்டு. பதினெட்டு, இருபது வயதுப் பையன் ஒருவன் யாரோ தன்னைப் பற்றிப் பேசும் குரல் கேட்கிறது என்கிறான், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். அது செய்வினை என்று ஒரு வருடம் அலைந்தால் அந்த ஒரு வருடத்துக்கு விலை உண்டு. மனச்சிதைவு போன்ற நோய்களில் சிகிச்சை தொடங்கப் பிந்தப் பிந்த மீட்சி கடினமாகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு. நேர்த்தி வைப்பவர்கள் வைக்கட்டும், அதே கிழமையில் கிளினிக்குக்கும் போகட்டும்.

இனித் துக்கத்துக்கு வருவோம். போரையும் அலையையும் கண்ட இந்த மாவட்டத்தில் உளவியல் பேசுபவர் எவரும் அதைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. ஐசிடியின் புதிய பதிப்பு ‘நீடித்த துக்கப் பிறழ்வு’ என்ற ஒன்றைச் சேர்த்திருக்கிறது. இழப்பு நேர்ந்து ஆறு மாதமாகியும் ஏக்கம் தணியாமல், ஆள் வாழ்க்கையை நடத்த முடியாமல் இருப்பதே அது. அமெரிக்கப் பட்டியல் 2022இல் இதே நோயைச் சேர்த்தபோது வளர்ந்தவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்தது. ஆறு மாதமா, பன்னிரண்டு மாதமா என்று அவர்கள் பிணக்குப்படுவதற்கு எவ்வளவோ முன்பே நம்மிடம் ஒரு நாட்காட்டி இருந்தது. எட்டுச் செலவு, முப்பத்தொன்று, ஆட்டைத் திவசம் என்று சைவ வீடுகளில் துக்கத்துக்குப் படிகள் உண்டு. முஸ்லிம் வீட்டில் கணவனை இழந்த பெண்ணுக்கு இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். அழவேண்டிய காலமும் அடுப்பு மூட்டவேண்டிய காலமும் அதில் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஒருவரின் துக்கம் அவருடைய சமூகமும் சமயமும் எதிர்பார்க்கும் அளவைத் தாண்டியிருந்தால்தான் நோய் என்று கொள்ளலாம் என ஐசிடியும் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது.

அந்த நாட்காட்டி வேலை செய்வதற்கு ஒரு உடல் வேண்டும், ஒரு நாள் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் இரண்டுமே இல்லை. திவசம் எந்தத் திதியில்? பொட்டை அழிப்பதா, வைப்பதா? மகளின் கலியாணத்தில் மணவறைக்கு அருகே தாய் நிற்கலாமா? ‘அவர் இல்லை’ என்று மாமியார் முதலில் சொல்லிவிட்டால் அது துரோகமா? இத்தகைய இழப்பை உளவியலாளர் பவுலின் பாஸ் 1970களில் ‘தெளிவற்ற இழப்பு’ என்று விவரித்தார். வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்கப் படைவீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தபோது அவருக்குப் பிடிபட்டது அது. அந்தக் குடும்பங்களின் துக்கம் உறைந்து நிற்பதற்குக் காரணம் அவர்களுடைய மனத்தில் பழுது இருப்பதல்ல. செய்தி வராமல் இருப்பதுதான். இலங்கையில் 2016 முதல், ‘இறந்துவிட்டார்’ என்று எழுதாமல் ‘காணாமற்போயுள்ளார்’ என்று சான்றளிக்கும் பத்திரம் பெறலாம். வங்கிக் கணக்குக்கும் காணிப் பத்திரத்துக்கும் அது உதவும். நித்திரைக்கு உதவாது. இந்தத் தாய்மாருக்கு மனச்சோர்வு என்று எழுதிக் குளிசை கொடுப்பது சில வேளைகளில் தேவைதான், நித்திரையே அற்றுப்போனவருக்கு அது பெரிய உதவி. ஆனால் நோயின் பெயரை எழுதிவிட்டதால் அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை கொடுத்ததாகிவிடாது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், ஆளுக்கு ஆள் நோயை மட்டும் பார்க்காமல் குடும்பத்துக்கும் ஊருக்கும் நேர்ந்த கூட்டு மனவடுவையும் பார்க்க வேண்டும் என்று எழுதி வந்ததற்குப் பின்னணி இதுதான்.

மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டுப் பிறழ்வு என்ற பெயர் வியட்நாம் போருக்குப் பின் 1980இல்தான் அமெரிக்கப் பட்டியலில் ஏறியது. அதன் அடிப்படை மூன்று: நடந்து முடிந்தது இப்போது நடப்பதுபோல மீண்டும் வருதல், அதை நினைவூட்டும் எதையும் தவிர்த்தல், ஆபத்து இன்னும் தீரவில்லை என்று உடல் விழிப்பாகவே இருத்தல். இவற்றில் தவிர்த்தல்தான் நோயை வாழவைப்பது. சல்லிப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவரை நினைத்துக்கொள்வோம். ஆழிப்பேரலையில் தம்பியை இழந்தவர். அதன்பின் கடலுக்குப் போகவில்லை. முதலில் வள்ளம் ஏறுவதை விட்டார். பிறகு கரைவலை இழுக்க வருவதை விட்டார். பிறகு மீன் சந்தைக்குக்கூட உட்பாதையால் போகத் தொடங்கினார். ஒவ்வொரு தவிர்ப்பும் அந்தக் கணத்தில் நெஞ்சுப் படபடப்பைக் குறைத்தது. அந்த நிம்மதியே அடுத்த தவிர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. கடல் இன்று அமைதியாக இருக்கிறது என்பதை அவருடைய உடல் தெரிந்துகொள்ள வாய்ப்பே வரவில்லை.

சிகிச்சை அதே படிகளைத் தலைகீழாக ஏறுகிறது. பயந்த பொருளைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து ஒரு குழந்தையின் அச்சத்தைப் போக்கலாம் என்று உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இலேயே காட்டினார். உளமருத்துவர் ஜோசப் வோல்பே 1950களில் அதை ஒழுங்கான முறையாக்கினார். நம் மனிதரின் விஷயத்தில் முதல் நாள் அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு பனையடியில் இருப்பதே போதும். படபடப்பு ஏறும், உச்சத்துக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். இறங்கும்வரை எழும்பிப் போகாமல் இருப்பதுதான் முழு வேலையும். அது இலகுவானால் ஈரமணல், பிறகு கணுக்கால் தண்ணீர், பிறகு கட்டி வைத்த வள்ளத்தில் ஏறி அமர்தல். பக்கத்தில் இருப்பவர் ‘பயப்படாதே’ என்று சொல்வதில்லை. பயம் இப்போது பத்துக்கு எத்தனை என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இங்கே அச்சம் முழுவதும் பொய்யல்ல. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டொரு நாள் இருக்கையில், சுமாத்திரா அருகே நில அதிர்வு ஏற்பட்டுக் கிழக்குக் கரைக்கு எச்சரிக்கை வந்தபோது மக்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். அது நோயல்ல, அறிவு. எச்சரிக்கை வரும் நாளுக்கும் வராத நாளுக்கும் வேறுபாடு தெரிய வைப்பதே சிகிச்சையின் குறி.

ஆழிப்பேரலைக்குப் பின் கரையெங்கும் உளவளத்துணைப் பட்டறைகள் முளைத்தன. நல்ல எண்ணத்தோடு வந்தவர்களே பெரும்பாலும். ஆனால் அனர்த்தம் நடந்தவுடன் எல்லோரையும் இருத்தி, நடந்ததை ஒரே அமர்வில் சொல்ல வைக்கும் முறை நெருக்கீட்டுப் பிறழ்வைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று அதற்கு முன்பே ஆய்வுகள் காட்டியிருந்தன. பெரும்பாலானோர் வீடு, உறவு, வழிபாடு, தொழில் திரும்பக் கிடைத்தால் தாமாகவே தேறிவிடுகிறார்கள். தேறாதவருக்குத்தான் முறையான சிகிச்சை.

இங்கே வடகிழக்கிலேயே நடந்த ஓர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. அலையடித்துச் சில வாரங்களில், புதிதாக அமைந்த முகாம் ஒன்றில், போரையும் அலையையும் கண்ட 31 சிறுவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள் ஒரு பாதிக்குத் தங்கள் வாழ்க்கைக் கதையைப் பிறந்த நாளிலிருந்து வரிசையாக, அந்தக் கொடிய நாளையும் தவிர்க்காமல், சொல்லவைக்கும் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். மறு பாதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 வீதமானோரும் இரண்டாம் குழுவில் 71 வீதமானோரும் தேறியிருந்தனர். கதை சொல்லும் முறைக்கு வெற்றி என்று இதைக் கொண்டாட முடியாது. அவ்வளவு சிறிய குழுக்களில் இந்த வேறுபாடு பெரிதல்ல. எதுவுமே செய்யாத மூன்றாம் குழு ஒன்று இல்லாததால், எத்தனை பேர் தாமாகவே தேறியிருப்பார்கள் என்பதும் புலப்படாது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு: உள்ளூர் ஆசிரியர்கள் அந்த வேலையைச் செய்து முடித்தார்கள்.

படலை தாண்டாத எழுதுவினைஞருக்குத் திரும்புவோம். மனச்சோர்வு என்பது கவலையின் பெரிய வடிவம் என்று நினைத்தால் அவரை அடையாளம் காணவே முடியாது. அவர் அழுவதில்லை. மனச்சோர்வு என்று வைத்தியர் சொல்வதற்கு, நாளின் பெரும்பகுதியும், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், குறைந்தது இரண்டு வாரமாவது மனம் சோர்ந்திருக்க வேண்டும் அல்லது எதிலும் நாட்டம் அற்றுப்போயிருக்க வேண்டும். கூடவே நித்திரை, பசி, கவனம், உடல் வலு ஆகியவற்றில் மாற்றம், தான் உதவாதவன் என்ற எண்ணம். நம்மவர்கள் இதைக் கொண்டு நேரே மனநலக் கிளினிக்குக்குப் போவதில்லை. வெளிநோயாளர் பிரிவுக்குத் தலையிடி, உடம்பு உளைவு, நெஞ்செரிவு என்று போகிறார்கள். அந்தக் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால் தெரியும்: பக்கத்துக்குப் பக்கம் பரசிட்டமோல், ஒமேபிரசோல், விட்டமின், இடையிடையே இரத்தப் பரிசோதனை, எல்லாம் சரி. ‘நித்திரை எப்படி?’ என்ற ஒரு கேள்வி அந்தக் கொப்பியில் எங்கும் இராது. நீண்ட வரிசையில் ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுக்கும் வைத்தியரைக் குறை சொல்லியும் பயனில்லை.

காரணம் எது என்று எல்லோரும் கேட்பார்கள். பரம்பரையா, அதிர்ச்சியா, வளர்ப்பா? ஒரு காரணம் மட்டும் சொல்பவரை நம்பவேண்டாம். ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதும், அது விதியல்ல என்பதும் அந்த ஒரு கணக்கிலேயே அடங்கும்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. இருமுனைப் பிறழ்வுக்கான லித்தியம் 1949இல், மனச்சிதைவுக்கான குளோர்புரோமசின் 1952இல். இந்த இரண்டும் வந்த பிறகே ஆயுட்காலம் முழுவதும் அடைத்து வைப்பதைத் தவிர வேறு வழி பிறந்தது. மனநல வைத்தியசாலை அமைந்த அங்கொடை என்ற ஊரின் பெயர் நம் வாயில் வசவாகிப்போனது அதற்கு முந்திய காலத்தின் மிச்சம். மனச்சோர்வுக்கான குளிசை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். மூன்றாம் நாளே ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று நிறுத்துபவர்கள் அதிகம். மனச்சிதைவுக்கான பழைய மருந்துகளில் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வரும். அது நோய் முற்றியதன் அடையாளமல்ல, மருந்தின் பக்க விளைவு. வைத்தியரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது அந்த விறைப்பைத் தணிக்கும் பென்ஸ்ஹெக்ஸோல் என்ற குளிசையைச் சேர்ப்பார். நாள்தோறும் குளிசை விழுங்க மறுப்பவருக்கு மாத ஊசி இருக்கிறது. மின் அதிர்ச்சிச் சிகிச்சை 1938இல் தொடங்கியது, இன்று மயக்க மருந்து கொடுத்தே செய்யப்படுகிறது. உண்ணாமல் பேசாமல் கிடக்கும் கடுமையான மனச்சோர்வில் உயிர் காப்பதும் அதுதான். பேச்சுவழிச் சிகிச்சையைப் புத்திமதி என்று நினைப்பது பெரிய தவறு. புத்திமதிக்கு எழுதுவினைஞரின் மைத்துனரே போதும். உளமருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த முறையில் ‘நான் போனால் எல்லோருக்கும் தொல்லை’ என்ற எண்ணம் ஒரு கூற்றாக எடுத்துக்கொள்ளப்பட்டு, சான்று கேட்டுச் சோதிக்கப்படுகிறது. நாட்டம் வரட்டும் என்று காத்திராமல், காலை ஆறரைக்குச் சந்திக் கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்கிவரும் ஒரு சிறிய வேலையை முதலில் செய்யவைத்து, நாட்டம் பின்னால் வருகிறதா என்று பார்ப்பதும் அதன் பகுதி.

எல்லா மருந்தும் கிளினிக்கில் இல்லை என்பதற்கு நம் நாடே சான்று. 1995 அளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்தனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அதிக நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் அந்த வீதம் ஏறத்தாழ 70 வீதம் வீழ்ந்தது. ஒரு கணக் கோபத்தில், ஒரு மாலைநேரச் சண்டைக்குப் பின் எடுத்த முடிவுகள் அவற்றில் பல. அந்தக் கணத்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் வாழ்ந்துவிடுகிறார்கள். அப்படியொரு கணத்தில் இருப்பவர் 1926 என்ற இலக்கத்துக்கு, தேசிய மனநல நிறுவகத்துக்கு, எந்த நேரமும் அழைக்கலாம்.

கடைசியாக, ஏறக்குறைய எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி: “ஒரு கலியாணத்தைச் செய்து வைத்தால் சரியாகிவிடும்தானே?” ஆகாது. கலியாணம் சிகிச்சையல்ல. ஆனால் கலியாணமே கூடாது என்பதும் பொய். சிகிச்சையில் சீராக இருக்கும் எத்தனையோ பேர் குடும்பம் நடத்துகிறார்கள். பெண்பிள்ளையின் விஷயத்தில் இரண்டு செய்திகள் முக்கியம். இருமுனைப் பிறழ்வுள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பிரசவத்தை அடுத்த நாட்களில் கடுமையான மனக்குழப்பம் வருகிறது. அதே நோய்க்குக் கொடுக்கப்படும் வால்புரோவேட் என்ற மருந்து வயிற்றிலிருக்கும் சிசுவின் முதுகுத்தண்டையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. கலியாணத்துக்குப் பயந்து மகளின் குளிசையைத் தாமே நிறுத்திவிடுவதும், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் அதே குளிசையைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவதும் ஒரே அளவு ஆபத்து. மருந்தை மாற்றுவதற்கும், மாற்றிய மருந்து பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கும் பல மாதம் பிடிக்கும். ஆகவே சாதகம் பார்க்கத் தொடங்கும்போதே அந்தப் பேச்சைக் கிளினிக்கிலும் தொடங்கிவிட வேண்டும்.